ஏழு டப்பா, ஒரே அண்டா

தனக்கோடிக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். ஓட வேண்டாம், மலை ஏற வேண்டாம். பெங்களூர் தொம்மலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில், காலை ஏழிலிருந்து மதியம் மூன்று வரை, கையில் மாப்புடன் நின்றால் போதும். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிஷம் மட்டும் விதிவிலக்கு. ஏற்கெனவே இரண்டு முறை பாத்ரூம் வாசலில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பிடிபட்டிருந்தாள். மூன்றாவது முறை பிடிபட்டால் பேட்ஜைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் உமேஷ் சொல்லியிருந்தான்.

"என் கையில ஒண்ணும் இல்ல தனக்கோடிம்மா. நான் பாக்காம விட்டாலும் கேமரா பாக்குது," என்றான். பாவம், அவன் சொன்னதும் உண்மைதான்.

பதினோரு வருஷத்துச் சர்க்கரை வியாதி அவள் பாதங்களில் குடியேறியிருந்தது. பத்து மணிக்கெல்லாம் உள்ளங்கால் எரியத் தொடங்கும். பன்னிரண்டுக்குத் தணல்மேல் நிற்கிற மாதிரி இருக்கும். அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அதே தொம்மலூரில் அவள் குடியிருந்த தெருவில் இலவசச் சர்க்கரைப் பரிசோதனை முகாம் போட்டது. கால் எரிச்சலுக்குப் புது மாத்திரை ஒன்று வந்திருக்கிறது, இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது, சேர விருப்பமுள்ளவர்கள் சேரலாம் என்றார்கள். முதலில் கை தூக்கியவள் தனக்கோடி. அவளைப் பார்த்து எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஆதிகேசவன், பூ விற்கிற சின்னத்தாயி என்று அந்த ஒரே தெருவில் மொத்தம் ஏழு பேர் சேர்ந்தார்கள்.

ஆராய்ச்சிக்குத் தலைவர் டாக்டர் வைத்தீஸ்வரன். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்துக்காரர். ஏழு பேரையும் ஏசி அறையில் உட்கார வைத்து விளக்கினார்.

"உங்கள்ல பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை கிடைக்கும். மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. உள்ளே மருந்து கிடையாது. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்ப்யூட்டர்தான் தீர்மானம் பண்ணும்."

"டாக்டருக்கே தெரியாதா?" என்றார் ஆதிகேசவன்.

"தெரியக் கூடாது. அதுதான் விஞ்ஞானம்."

"எங்க ஏரியா டாக்டருக்கும் தெரியாது சார். ஆனா அவரு அத வெளிய சொல்லிக்க மாட்டாரு."

டாக்டர் சிரிக்கவில்லை. ஒப்புதல் படிவம் வந்தது. இருபத்திரண்டு பக்கம். தமிழில்தான் இருந்தது, எந்த ஊர்த் தமிழ் என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை. படிவத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவதை வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. வீடியோ எடுத்தவள் மமதா. ஆராய்ச்சியின் எல்லா வேலையும் அந்தப் பெண் தலையில்தான். ஹாசன் ஊர்க் கன்னடக்காரி, தமிழைப் பேசிப் பேசியே கற்றுக்கொண்டவள்.

"அக்கா, கேமராவைப் பாத்து 'எல்லாம் புரிஞ்சது'ன்னு சொல்லுங்க."

"எல்லாம் புரிஞ்சது."

"ஸொல்ப, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க அக்கா. ஃபேன் சத்தத்துல கேக்கல."

தனக்கோடி இரண்டாவது முறையும் எல்லாம் புரிந்துகொண்டாள். ஆதிகேசவன் சீப்பு வாங்கித் தலை வாரிக்கொண்டு புரிந்துகொண்டார்.

ஆளுக்கு ஒரு டப்பா. மாதத்துக்கு அறுபது மாத்திரை, சிவப்பும் வெள்ளையுமாக. இதுவரை சாப்பிட்டு வந்த எரிச்சல் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். மாதம் ஒரு முறை போய், எரிச்சல் பத்துக்கு எவ்வளவு என்று மார்க் போட வேண்டும்.

முதல் மாதம் முடிந்தது. தனக்கோடி எட்டு மார்க் போட்டாள். காலில் ஒரு மாற்றமும் இல்லை. போதாக்குறைக்குத் தலை சுற்றல் வேறு. மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், தரையை அவள் துடைக்கிறாளா, தரை அவளைச் சுற்றுகிறதா என்று தெரியவில்லை.

ஆதிகேசவன் இரண்டு மார்க் போட்டார். "முந்தாநாள் அல்சூர் ஏரிய நடந்தே சுத்திட்டு வந்தேன் தனக்கோடி. காலா, பஞ்சான்னு தெரியல. இன்னா மருந்து! இன்னா மருந்து!" என்று தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தனக்கோடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க சீட்டில் உட்கார்ந்து ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு நிஜ மருந்து. நாள் முழுக்க நிற்கிறவளுக்குச் சுண்ணாம்பு! கம்ப்யூட்டருக்குக் கால் இருந்தால்தானே கால் வலி தெரியும்?

ஆதிகேசவனின் மாத்திரை ஒன்றையும் தன்னுடையது ஒன்றையும் இரண்டு டம்ளரில் போட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி கரைந்தன. நாக்கில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே கசப்பு. சின்னத்தாயியும் வந்து நக்கிப் பார்த்தாள்.

"என்னுதும் சுண்ணாம்புதான் தனக்கோடி. எரிச்சல் அப்படியேதான் இருக்குது. ஆம்பளைங்களுக்குத்தான் நல்லது குடுத்திருப்பானுங்க."

"அவனுங்களுக்கே தெரியாதாமே?"

"தெரியாமயா ஆதிகேசவனுக்குச் சரியாப் போய்க் குடுத்தானுங்க?"

இரண்டாம் மாதத்து டப்பாக்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மன் கோயில் வாசலில் ஏழு பேரும் கூடினார்கள். தனக்கோடிதான் பேச்சை எடுத்தாள்.

"ஆடி மாசம் கூழ் ஊத்தறோம். வீட்டுக்கு வீடு மாவு வாங்கறோம். ஒருத்தர் வீட்டு மாவு நல்லா இருக்கும், ஒருத்தர் வீட்டுல வண்டு வெச்சிருக்கும். எல்லாத்தையும் ஒரே அண்டாவுல கொட்டித்தானே காய்ச்சறோம்? எவ வீட்டு மாவு எவ சொம்புலன்னு எவளாவது கேக்கறாளா?"

அவள் எங்கே வருகிறாள் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஆதிகேசவனின் முகம் மட்டும் சுருங்கியது.

"எனக்கு நல்லா கேக்குது. நான் எதுக்குக் கலக்கணும்?"

"நீங்க மட்டும் ஏரிய சுத்துவீங்க, நாங்க நொண்டிக்கினு இருக்கணுமா? போன வருஷம் உங்க வீட்டுலருந்து வந்தது அரைப்படி மாவுதான். குடிச்சது எத்தினி சொம்பு?"

ஆதிகேசவன் டப்பாவைத் திறந்தார். யார் வீட்டுப் பாத்திரத்தில் கொட்டுவது என்று அடுத்த சண்டை. கொட்டுகிற வீட்டுக்காரர் இரண்டு மாத்திரையை ஒதுக்கிவிட்டால்? கடைசியில் பொதுச் சொத்தான கோயில் அண்டாவையே எடுத்து வந்தார்கள். முந்நூறு பேருக்குக் கூழ் காய்ச்சுகிற அண்டாவின் அடியில், நானூற்று இருபது மாத்திரைகள் ஒரு கைப்பிடி சுண்டல் மாதிரி கிடந்தன. சின்னத்தாயி கரண்டியால் கிளறினாள். பிறகு ஆளுக்கு அறுபது என்று எண்ணி எடுத்துக்கொண்டார்கள்.

பத்தாவது நாள் தனக்கோடி கவனித்தாள்: மணி பன்னிரண்டாகிவிட்டது, பக்கெட்டைத் தேடவில்லை. தலை சுற்றலும் இல்லை. எரிச்சல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் தணல் சாம்பலாகியிருந்தது. மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்து அவள் நடந்து வெளியே போவதைப் பார்த்த உமேஷ், "இன்னிக்கு ஜாலியா இருக்கீங்க போல?" என்றான்.

சின்னத்தாயிக்கும் தேவலை. ஆதிகேசவனுக்குத்தான் நேரம் சரியில்லை. வாய் வறண்டது, எழுந்தால் கண் இருட்டியது.

"உங்களோட கலந்ததுலருந்துதான் எனக்குக் கெட்டுப் போச்சு. நல்லா இருந்தவனை நாசம் பண்ணிட்டீங்க," என்று எதிர்வீட்டிலிருந்து தினமும் திட்டினார்.

ஆஸ்பத்திரியில் நிலவரம் வேறு. வேறு இடங்களில் சேர்ந்தவர்கள் மாத்திரையை மறந்தார்கள், டப்பாவைத் தொலைத்தார்கள், ஊருக்குப் போனார்கள். தொம்மலூர் ஆட்கள் ஏழு பேர் மட்டும் ஒரு மாத்திரை பிசகாமல் கணக்காகச் சாப்பிட்டிருந்தார்கள். அப்படித்தானே இருக்கும்? ஒருத்தர் பங்கை ஒருத்தர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்கள்! டாக்டர் வைத்தீஸ்வரன் ஒரு கருத்தரங்கில் அந்த ஏழு பேர் படத்தைத் திரையில் போட்டு, "எளிய மக்களிடம் நாம் கற்க வேண்டிய ஒழுக்கம்" என்று பேசினார். கை தட்டினார்கள். மமதா அதை ஃபோனில் காட்டியபோது ஆதிகேசவன், "என் தலைய சரியா எடுக்கல," என்று குறைப்பட்டுக்கொண்டார்.

மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அன்று மாலையே ஏழு பேருக்கும் அழைப்பு.

டாக்டர் ஒரு காகிதத்தை மேஜைமேல் போட்டார். "ஏழு பேர் ரத்தத்திலயும் மருந்து இருக்கு. எல்லாருக்கும் ஏறக்குறைய பாதி அளவு. மூணு பேருக்கு இருக்கவே கூடாதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது! எப்படி இது?"

"இருந்தா நல்லதுதானே சார்?" என்றார் ஆதிகேசவன்.

தனக்கோடி எழுந்து நின்றாள். "கலந்தோம் சார்."

"எதை?"

"மாத்திரைய. அண்டாவுல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அண்டாவுலயா?"

"கோயில் அண்டா சார். நல்லா கழுவி, வெயில்ல காய வெச்சுத்தான் கொட்டினோம்."

மமதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

"பத்து நாடுகள்ல நடக்கற ஆராய்ச்சிம்மா இது!"

"அந்த நாட்டுலல்லாம் பக்கத்து வீட்டுக்காரங்க பேசிக்க மாட்டாங்க போல," என்றாள் சின்னத்தாயி. "மூணு பேர் மட்டும் ஏமாறணுமா சார்?"

"அது ஏமாத்து இல்லம்மா. ஒப்பீடு."

"எங்க தெருவுல அதுக்கு வேற பேரு சார்."

ஏழு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கியாயிற்று. நீக்கப்பட்டவர்களின் ரகசியத்தைத் திறக்கலாம் என்பதால் டாக்டர் பட்டியலைப் படித்தார். ஆதிகேசவனுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்திருந்தது வெறும் மாத்திரை. சின்னத்தாயிக்கும் அப்படியே. தனக்கோடிக்கு முதல் நாளிலிருந்தே நிஜ மருந்து.

ஆதிகேசவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் அல்சூர் ஏரிய சுத்தினது?"

"அது நீங்களாவே சுத்தினது."

தனக்கோடிக்கு வேறு சந்தேகம். "சார், முழுசா நிஜ மருந்து தின்னப்ப எனக்கு எரிஞ்சது. பாதி சுண்ணாம்பு கலந்து தின்னப்பதான் கேட்டுது. அது எப்படி?"

டாக்டர் நிமிர்ந்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "மூணு காரணம் இருக்கலாம். மருந்து வேலை செய்யவே ஒரு மாசம் ஆகியிருக்கலாம். பாதி டோஸே உங்க உடம்புக்குப் போதுமா இருக்கலாம். இல்ல, நிஜ மருந்து கிடைச்சாச்சுங்கற நம்பிக்கையா இருக்கலாம்."

"இதுல எது சார்?"

"அதைக் கண்டுபிடிக்க இன்னொரு ஆராய்ச்சி பண்ணணும்!" மேஜைமேல் இருந்த காகிதத்தில் அப்போதே தலைப்பு எழுத ஆரம்பித்துவிட்டார். 'நகர்ப்புறச் சமூகங்களில் மருந்துப் பகிர்வு: ஓர் எதிர்பாராத அவதானிப்பு.' வியன்னாவில் ஒரு மாநாடு இருந்தது. விண்ணப்பிக்க இன்னும் ஒன்பது நாள்.

"எனக்கு அந்தப் பாதி டோஸையே குடுத்துடுங்க சார்."

"முடியாதும்மா. நீங்க இப்ப ஆராய்ச்சியில இல்ல. மாத்திரை கடைக்கும் இன்னும் வரல."

"எப்ப வரும்?"

"எல்லாம் நல்லபடியா நடந்தா ஆறு வருஷம்."

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எனக்கு ஷிப்டு சார்."

டாக்டருக்கு இது காதில் விழவில்லை. தலைப்பில் 'ஓர்' சரியா, 'ஒரு' சரியா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"சரி, பழைய மாத்திரையவே திங்கறேன். ஒரு லெட்டராவது குடுங்க. இந்தம்மா மணிக்கு ஒரு தடவை உக்காரணும்னு ரெண்டு வரி."

"வேலை கொடுக்கறவங்களுக்கு எழுதணும்னா எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்கணும். ஆறு வாரம் ஆகும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் காகிதத்துடன் உள்ளே போனார்.

வாசல் வரை நொண்டாமல் நடந்த தனக்கோடியை மமதா கூப்பிட்டாள். "அக்கா, நில்லுங்க." கம்ப்யூட்டரில் தட்டி, பிரிண்ட் எடுத்து, ஆஸ்பத்திரி முத்திரையை நச்சென்று குத்திக் கொடுத்தாள். நீக்கப்பட்டவர்களுக்குத் தொடர் கவனிப்பு ஆலோசனை எழுதித் தருவது அவள் வேலையில் அடக்கமாம். அதற்குக் கமிட்டி வேண்டாமாம். 'இவர் சர்வதேச மருந்து ஆராய்ச்சியின் தொடர் கண்காணிப்பில் இருக்கிறார். மணிக்குப் பதினைந்து நிமிடம் அமர வேண்டும். பாதகம் ஏதும் நேர்ந்தால் உடனே தெரிவிக்கவும்.'

உமேஷ் அதை இரண்டு முறை படித்தான். 'சர்வதேச' என்ற இடத்தை மட்டும் மூன்றாவது முறையும் படித்தான். ஹெச்ஆருக்கு ஓடினான். பதினோரு வருஷச் சர்க்கரைக்கு அசையாத ஹெச்ஆர் 'பாதகம்' என்ற ஒரு சொல்லுக்கு ஆடிப்போனது. அரை மணி நேரத்தில் மெத்தையும் உருளையும் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்று நான்காவது மாடி லிஃப்ட் பக்கத்தில் வந்து நின்றது. தனக்கோடி உட்கார்ந்தாள். கேமராவை நேராகப் பார்த்தாள். இப்போது யாரும் வரவில்லை.

எரிச்சல் திரும்பி வந்தது. மார்க் போடச் சொன்னால் ஐந்து போடலாம். ஆனால் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் அடுத்த முக்கால் மணி ஓடிவிடுகிறது. மூன்று மணி வரை தாக்குப் பிடித்துவிடலாம். இரண்டே நாளில் மற்ற மாடிகளிலிருந்து மாப்பும் கையுமாக ஒவ்வொருத்தியாக வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்குத் திறக்கும்?

அடுத்த திங்கட்கிழமை நாற்காலியில் இருக்கும்போது ஃபோன் வந்தது. மமதா.

"அக்கா, உங்க ஆபீஸ் யூனிஃபார்ம்ல பதினொரு பேர் வந்து உக்காந்திருக்காங்க. எல்லாருக்கும் கால் எரியுதாம். ஒருத்தருக்கும் சுகர் இல்ல. சுள்ளு ஹேள்றாங்களா, பொய் சொல்றாங்களா?"

"பொய் இல்ல மமதா. எட்டு மணி நேரம் நிக்கறாளுங்க. எரியாம?"

மறுமுனையில் அவளுக்குப் பின்னால் டாக்டர் வைத்தீஸ்வரனின் குரல் உற்சாகமாகக் கேட்டது.

"சுகரே இல்லாம எரிச்சலா? பதினொரு பேருக்கா? யாரையும் அனுப்பிடாதே மமதா. கேமராவை எடு!"