தரை விலை வரிசை

"ரெண்டு வரி போதும். எப்பவும் எழுதுற மாதிரியே எழுது."

"அவர் சொல்லாம நான் எப்படிண்ணே…"

"அவர் என்னைக்குச் சொன்னாரு, தங்கச்சி? இந்த ஆளுக்கு ஒரு வரி ஒழுங்கா எழுத வருமா? கேளேன் அவரையே."

கியெமைக் கேட்கும் நிலையில் நான் இல்லை, பதில் சொல்லும் நிலையில் அவரும் இல்லை. லுவான் அண்ணன் உள்ளே வந்ததும் விட்ட முதல் குத்தில் கியெமின் முன்பல் ஒன்று தெறித்து என் கீபோர்டுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. வேக வைக்காத அரிசி மாதிரி அத்தனை சின்னதாக இருந்தது. அவருடைய இடது கையை மேசைமேல் விரித்து நைலான் கயிற்றால் பலகையோடு இறுக்கிக் கட்டியிருந்தார் அண்ணன். கைக்குப் பக்கத்தில் இளநீர் வெட்டும் கத்தி.

அண்ணன் எங்கள் சந்து முனையில் இளநீர் விற்பவர். மூன்று வருடமாகத் தினமும் அவரிடம்தான் குடிக்கிறோம். சைகோனிலும் வெளியூர்களிலுமாக நாலாயிரம் பேருக்குக் கியெம்தான் 'வாத்தியார்'. எந்தப் பங்கு ஏறும் என்று சொல்லும் ஒரு வலைப்பக்கம், அதை ஒட்டி ஒரு குரூப். இரண்டிலும் அவர் பெயரில் எழுதுவது நான், தியெப். அவர் பங்கின் பெயரைச் சொல்வார். மற்றதெல்லாம் என் வேலை.

செவ்வாய்க்கிழமை காலை இறால் தீவனக் கம்பெனி ஒன்றைச் சொன்னார். "கூரை விலையானாலும் வாங்குங்கள்" என்று எழுதினேன், ஒரு நாளில் ஏற விடும் உச்ச விலைதான் கூரை. அண்ணன் மனைவியின் நிலத்தை விற்ற பணத்தைப் போட்டு, அதே அளவு கடனும் தரகரிடம் வாங்கிப் போட்டார். அவர் வாங்கிய பங்கை விற்றவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். கியெமுக்கு மாதாமாதம் பணக் கவர் அனுப்புகிறவர்கள்தான். புதன்கிழமை சந்தை திறக்கும் மணி அடித்ததுமே பங்கு தரை விலைக்கு விழுந்தது. ஒரு நாளில் அதற்குக் கீழே போக விடமாட்டார்கள். மறுநாள் இன்னும் கீழே ஒரு தரை. இங்கே வாங்கிய பங்கு கைக்கு வர இரண்டு நாள் ஆகும், அதுவரை விற்க முடியாது. புதன் முழுவதும் அண்ணன் வண்டியருகே நின்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று, வியாழன், மதியம் ஒரு மணிக்குப் பங்கு வந்து சேர்ந்தது. அந்த நிமிடமே விற்கப் போட்டார். திரையில் வாங்குகிறவர்கள் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது, ஒரு எண்கூட இல்லை. ஒன்றரைக்கு மாடி ஏறி வந்துவிட்டார்.

"நீ எழுதினா வாங்குவாங்க," என்றார். "நான் வாங்கலையா?"

"அண்ணே, காலையில ஒம்போது மணிக்கே விக்கப் போட்டவங்க உங்களுக்கு முன்னாடி வரிசையில நிக்கிறாங்க. யாராவது வாங்கினா மொதல்ல அவங்கதான் தப்பிப்பாங்க. முப்பது லட்சம் பங்கு இருக்கு. அதுக்கப்புறம்தான் உங்களோடது."

அவர் திரையைப் பார்த்தார். உதடு அசைய அந்த எண்ணை ஒருமுறை படித்தார்.

"அப்போ நல்லா எழுது."

கியெம் தலையை ஆட்டினார். "எழுதாத தியெப்," என்று ரத்தத்தோடு துப்பினார். "கவர் அனுப்புறவங்க வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லியிருக்காங்க. என்னைக் கொன்னுடுவாங்க."

"அவங்க அப்புறம் வருவாங்க வாத்தியாரே," என்றார் அண்ணன். "நான் வந்தாச்சு."

நான் விரல்களை கீபோர்டில் வைத்தேன். என்னால் எழுத முடியவில்லை. இன்று வாங்குகிறவர்கள் இரண்டு நாள் வெளியே வர முடியாது என்பது மட்டுமே தலைக்குள் சுற்றியது. ஒரு நிமிடம் போயிருக்கும். அண்ணன் கத்தியை எடுத்தார்.

தினமும் மத்தியானம் சந்தில் கேட்கும் அதே சத்தம்தான். இளநீர்த் தலையைச் சீவும்போது வருமே, ஈரமாக, சின்னதாக, அது. சுண்டுவிரல் உருண்டு வந்து மவுஸில் மோதி நின்றது. கியெம் அலறிய அலறலில் ஜன்னல் கம்பியில் இருந்த புறா பறந்தது. கீழ்வீட்டு வாஷிங் மெஷின் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. கீபோர்டின் இடுக்குகளில் ரத்தம் இறங்கியது. எழுத்துகள் விரலில் ஒட்டின.

எழுதினேன்.

'பயந்தவர்கள் விற்கட்டும். அவர்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கும்போது நாம் மலை மேல் இருப்போம். இன்று தரை விலையில் நான் இரண்டு கையாலும் அள்ளுகிறேன்.'

என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக எழுதியதில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

குரூப் விழித்துக்கொண்டது. பூச்செண்டுப் படங்கள், கைகூப்பும் பொம்மைகள். 'வாங்கியாச்சு வாத்தியாரே!' 'நம்ம வாத்தியார் பேசிட்டார், இனி என்ன பயம்?' 'பையன் ஃபீஸைப் போட்டுட்டேன், கைவிட்டுடாதீங்க.' முப்பது லட்சம் இருபத்திரண்டானது. பதினாறானது. ஒன்பது லட்சத்தில் வந்து அசையாமல் நின்றது.

மணி இரண்டு ஐந்து. அண்ணன் கத்தியின் நுனியை மோதிர விரலின் அடியில் வைத்தார். கியெம் இப்போது அலறவில்லை. குளிரில் நடுங்குகிற நாயைப் போல முனகினார்.

"இன்னொண்ணு எழுது தங்கச்சி, சீக்கிரம்."

'ஜப்பான்காரர்கள் கம்பெனியை வாங்கப் பேசுகிறார்கள். யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எழுதினேன். அப்படி எந்த ஜப்பான்காரரும் இல்லை. நாலாயிரம் பேரிடம் யாரிடமும் சொல்லாதே என்றால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஒன்பது லட்சம் நாலானது, ஒன்றானது. இரண்டு இருபதுக்கு அண்ணனின் ஃபோன் பீப் என்றது. மறுபடி பீப். மூன்றாவது பீப்புக்கு அவர் கத்தியைத் தரையில் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்.

"போயிடுச்சு," என்றார். "எல்லாம் வித்துப் போயிடுச்சு."

திரையில் வரிசை மறுபடி நீளத் தொடங்கியது. எட்டு லட்சம். பதினொன்று. வாங்குகிறவர்கள் பக்கம் வெள்ளையானது. என்னை நம்பி வாங்கியவர்கள் எல்லாரும் இனி கதவு பூட்டிய வீட்டுக்குள்.

அண்ணன் எழுந்து கீழே போனார். ஓடிவிட்டார் என்று நினைத்தேன். வண்டியிலிருந்து ஒரு பை நிறைய ஐஸோடு திரும்பி வந்தார். விரலை எடுத்துத் தன் சட்டையில் துடைத்து, சின்னப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸுக்குள் வைத்து முடிச்சுப் போட்டு என்னிடம் நீட்டினார். கயிற்றை அவிழ்த்தார். தன் துண்டால் கியெமின் கையை இறுக்கிக் கட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம். தெச்சிடுவாங்க. இப்பல்லாம் தெக்கிறாங்க."

"போலீஸ்ல சொல்லுவேன்," என்றேன்.

"சொல்லு. நீ எழுதினதையும் சேர்த்துக் காட்டு."

ஆளுக்கொரு பக்கம் கியெமைத் தாங்கிப் படியில் இறக்கினோம். ஐஸ் பை என் காலில் இடித்துச் சொட்டிக்கொண்டே வந்தது. பாதிப் படியில் அண்ணன் நின்றுவிட்டார். ஒரு கையால் கியெமின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஃபோனை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"நிலத்துப் பணத்துல மூணுல ஒரு பாகம் போயிடுச்சு," என்றார். "வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது."

கியெமின் தலை அவர் தோளில் சாய்ந்து கிடந்தது. அண்ணன் குனிந்து அவர் காதருகே வாயைக் கொண்டுபோனார். குரலில் கோபமே இல்லை.

"வாத்தியாரே, வித்த பணம் திங்கக்கிழமை கைக்கு வந்துடும், அன்னைக்கு எது ஏறும்? குரூப்ல போட வேணாம். எனக்கு மட்டும் சொல்லுங்க."