பதினோரு அடிக்கு மழை இல்லை

சிவபாண்டி நிற்கும் இடத்தைச் சுற்றிப் பதினோரு அடிக்கு மழை பெய்யாது. தொண்ணூற்றாறாம் வருஷம் தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இது தொடங்கியது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவர் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில், காயப்போடும் மேடை நிறையப் புஸ்வாணம் பரத்தியிருந்த நேரம். மேகம் கறுத்துத் திரண்டு வந்தது. தார்ப்பாய் எடுக்க எல்லோரும் ஓடினார்கள். முப்பது வயது சிவபாண்டி மட்டும் மேடை நடுவில் நின்றபடி அண்ணாந்து பார்த்து, வேண்டாம் என்றார். சுற்றிலும் கொட்டியது, மேடையில் ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் கம்பெனியில் அவருக்கு, உரசிப் பொறி பறக்காதபடி இரும்பு ஆணி அடிக்காத மர முக்காலி ஒன்று செய்து கொடுத்தார்கள். அதன்பின் சீசனில் மேடை நடுவில் அந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பதே அவருடைய வேலையாயிற்று. இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தார். பஸ் ஸ்டாப்பில் குடை எடுத்து வராதவர்கள் அவர் பக்கமாக நகர்ந்து நின்றுகொள்வார்கள். ஐப்பசி வந்தால் மழை வேண்டாம் என்று ஊரே நினைக்கிற இடத்தில், ஒருவர் சொன்னதை மழை காதில் வாங்கிக்கொண்டது. அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

யோசித்தவள் அவர் மனைவி சண்முகத்தாய் ஒருத்திதான். மல்லாங்கிணறு பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவள். அங்கே முதல் தூறலுக்கு வீட்டிலுள்ளவர்கள் உள்ளே ஓடமாட்டார்கள், வெளியே ஓடுவார்கள். கல்யாணம் முடிந்து திருத்தங்கலுக்கு வந்த வருஷமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஐப்பசி மழை சாயங்காலம்தான் வரும். அவரை இறக்கிவிடும் கம்பெனி வேனும் சாயங்காலம்தான் வரும். தெரு நனையும், எதிர்வீடு நனையும், பக்கத்து வீட்டு மாடியில் பாதி நனையும். காய்ந்த பாதியில் அந்த வீட்டுக்காரி மோர்மிளகாய் பரப்பி வைத்துவிட்டு, சிவபாண்டியை இரண்டு நாள் வெளியூர் எங்கும் போகவேண்டாம் என்று கேட்டுக்கொள்வாள். சண்முகத்தாய் மாடியில் வெண்டை போட்டாள், அவரை போட்டாள், கனகாம்பரம் வைத்தாள். எட்டு நாளுக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீர் குடிக்கவும் புழங்கவுமே சரியாக இருந்தது. செடிகள் ஒவ்வொன்றாகக் கருகின. அவள் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. குடிக்காத, கை நீட்டாத, தின்பண்டம் இல்லாமல் வீடு திரும்பாத மனுஷனிடம், உங்களால் எனக்கு மழை இல்லை என்று எப்படிச் சண்டை போடுவது? போன ஆனியில் அவர் ஓய்வு பெற்றார். அதன்பின் பகலிலும் வீட்டில் மழை பெய்யவில்லை.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து கம்பெனிகளெல்லாம் பூட்டிக் கிடந்த வாரத்தில், ஊர்ப் பூங்கா வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மழைக்காலத் தோட்டப் பயிற்சி, எட்டு ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கு ஒரு பாத்தி. சண்முகத்தாய் பெயர் கொடுத்தாள். சொல்லிக்கொடுக்க வந்தவள் ரோஷினி என்கிற தோட்டக்கலை அலுவலர், வெளியூர்ப் பெண். முதல் நாள் அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. வந்திருந்த பதினான்கு பெண்களில் பதினொரு பேர் பட்டாசு வேலைக்காரர்கள். பூங்காவின் இரும்புக் கதவை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் ஒவ்வொருத்தியும் உள்ளே வந்தாள். உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, வெடிமருந்து அறை வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுத் தொட்டு வந்த பழக்கம். விதைகளை ஒன்றோடொன்று உரசாமல் விரல் நுனியில் எடுத்து, மூச்சுக்கூட விடாமல் குழியில் இறக்கினார்கள். இது வெடிக்காது, தைரியமாகப் போடுங்கள் என்று ரோஷினி மூன்று வாரம் சொல்லவேண்டியிருந்தது. செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் எந்த அளவில் சேர்ப்பது என்பதை மட்டும் அவளே ஆச்சரியப்படும்படி ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். கலவை அவர்களுக்குக் கைவந்த வேலை.

வகுப்புக்குத் தன்னோடு வரவேண்டாம் என்று சண்முகத்தாய் கணவரிடம் சொல்லியிருந்தாள். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, சரி என்று சொல்லிச் செய்தித்தாளை மடித்தார். இரண்டாவது ஞாயிறு பாத்தியில் குனிந்திருந்தபோது முதுகில் மழை விழுந்தது. மற்றவர்கள் கொட்டகைக்கு ஓட, அவள் அங்கேயே நின்றாள். வீடு திரும்பும்போது சேலை கனத்துக் கால்களில் ஒட்டியிருந்தது. சிவபாண்டி துண்டு கொண்டுவந்து கொடுத்தார். தலையைத் துவட்டும் வரை நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏ தாயி, அது எப்படி இருக்கு?"

"எது?"

"மழதான். எனக்கு மறந்துபோச்சு."

அவள் சொல்லப் பார்த்தாள். குளிப்பது போல இல்லை என்றாள். எங்கிருந்து விழும் என்று தெரியாது, அதுதான் அதில் விசேஷம் என்றாள். சொல்லச் சொல்ல அது மழை போலவே இல்லை. அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் காபி போடப் போனார். அன்றிலிருந்து அவளுக்குப் பாத்தியில் முளைத்த வெண்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. இத்தனை வருஷமும் மழை இல்லாமல் போனது தனக்குத்தான் என்றல்லவா நினைத்திருந்தாள்.

கார்த்திகையில், வகுப்பின் நான்காவது ஞாயிறு. நல்ல மழை. அவரைக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தபோது, அடுத்த பாத்திக்காரி பைரோஜா அவள் இடுப்பில் இடித்தாள். பைரோஜா வீட்டில் பலசரக்கு மொத்த வியாபாரம். வாயும் மொத்த வியாபாரம்தான்.

"யக்கா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்காகளே, உங்க வீட்டுக்காரகதான? வாராவாரம் அங்கனதான் நிக்காக. அவுகளால டீக்கடை பெஞ்சு நனையிறதில்லன்னு கடைக்காரர் ஓசி டீ குடுக்காராம்."

சண்முகத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். வேலிக்கு அப்பால், சாலைக்கு அப்பால், மழைக்குள் வட்டமாக ஒரு வெயில் துண்டு போலக் காய்ந்து கிடந்த தரையில் சிவபாண்டி நின்றுகொண்டிருந்தார். கையில் துண்டு. வட்டத்தின் விளிம்பு வேலியைத் தொடாதபடி அளந்து நின்றிருந்தார். ஒரு செடிக்கும் ஒரு சொட்டும் குறையவில்லை. அவள் நனைந்தபடியே சாலையைக் கடந்து போனாள். வட்டத்துக்குள் கால் வைத்ததும் மழைச் சத்தம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"உள்ள வாங்க."

"வேணாம் தாயி. ஒன் பாத்தி காஞ்சிரும்."

"ஒரு நாள் காஞ்சா காயட்டும். செடிக்கு எம்புட்டோ பெஞ்சாச்சு. நீங்க வாங்க."

அவர் வந்தார். வாசலில் இரும்புக் கதவைத் தொட்டார். அவர் நடக்க நடக்கப் பாத்திகளின் மேல் மழை விலகி, பின்னால் மறுபடி மூடிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டி அருகே அவரைக் கல்லில் உட்காரவைத்தாள். பன்னிரண்டாவது அடியில் போய் நின்று, பீப்பாயில் பிடித்து வைத்திருந்த அன்றைய மழைத் தண்ணீரைப் பூவாளியில் மொண்டாள். நாற்றுக்கு ஊற்றுகிற அகல வாய்ப் பூவாளி, முகத்தில் நூறு பொடித் துளை. ரோஷினியும் மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அது மழைத் தண்ணீர்தானே, பதினோரு அடிக்குள் விழ ஒப்புமா என்று யாருக்கும் தெரியாது. சண்முகத்தாய்க்கும் தெரியாது. அவர் பக்கத்தில் வந்து நின்றாள். குதிங்காலைத் தூக்கி, எட்டுகிற மட்டும் உயரத்தில் பூவாளியைப் பிடித்துச் சாய்த்தாள்.

துளிகள் வெளியே வந்து, அவர் தலைக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றன. எண்ணக்கூடிய அளவுக்கு நின்றன. சிவபாண்டி அண்ணாந்து பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் முன்பு சொன்னதை இப்போது எப்படி மாற்றிச் சொல்வது என்று தெரியாதவர் போல வாயைத் திறந்து மூடினார். பிறகு சின்னக் குரலில், "விழலாம்" என்றார்.

விழுந்தன. நெற்றியில், இமையில், சட்டைக் காலருக்குள். அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு கண்ணை மூடினார்.

"இம்புட்டுக் குளிருமா?"

"நெச மழ இன்னும் குளிரும்" என்றாள் சண்முகத்தாய், பூவாளியை இறக்காமல்.

சுற்றிலும் பெய்த மழை அதைக் கேட்டு உள்ளே வந்துவிடவில்லை; பதினோரு அடி பதினோரு அடியாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றிலிருந்து அவரும் வகுப்புக்கு வந்தார். எல்லாப் பாத்திக்கும் வேலை முடிந்தபின் கடைசியாக அவருக்கு இரண்டு பூவாளி ஊற்றினாள். முதல் இரண்டு வாரம் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு அவரவர் களையைப் பிடுங்கினார்கள். பயிற்சி முடிந்த அன்று ரோஷினி பூங்கா நோட்டில் எழுதி வைத்தபடி, அந்தப் பருவத்தில் திருத்தங்கலில் பெய்த மழை இருபத்தொரு சென்டிமீட்டர். சிவபாண்டிக்கு, ஒன்பது பூவாளி.