பிரிக்க முடியாத வரிகள்

என் கணவர் நிக்கலஸ் இறந்து, முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்த பிறகுதான் நிலுஷா வீட்டுக்கு வந்தாள். அவரோடு ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் ஒரே அறையில் நான்கு வருடம் வேலை செய்தவள். கண்கள் வீங்கியிருந்தன. என்னைவிட அதிகம் அழுதிருப்பாளோ என்று பார்த்தேன்.

இருவரும் சேர்ந்து மென்பொருள் ஒன்று எழுதியிருந்தார்கள். கடலுக்குப் போன படகு நேரத்துக்குத் திரும்பாவிட்டால் அது வீட்டுக்கும் சங்கத்துக்கும் தகவல் அனுப்பும். நிலாவெளி மீனவர் சங்கம் அதை இலவசமாகவே பாவிக்கிறது. இப்போது கொழும்புக் கொம்பனி ஒன்று அதைக் கேட்கிறதாம்.

"இலவசமெண்டா அவங்களும் சும்மா எடுக்கலாம்தானே?" என்றேன்.

"எடுக்கலாம் அக்கா. ஆனா மாத்தி எழுதி வித்தா, மாத்தினதையும் திறந்து குடுக்கவேணும். மறைச்சு வைக்க விரும்பினா எங்களிட்டக் காசுக்கு வேற உரிமம் வாங்கவேணும். சங்கத்துக்கு எப்பவும் இலவசம்தான். அந்தக் காசு வராட்டி இதை நிப்பாட்டவேண்டி வரும்."

"அப்ப நீர் குடுமன்."

"தனிய ஏலாது. எழுதின எல்லாரும் சம்மதிக்கவேணும். நிக்கலஸ் அண்ணாட பங்கு இப்ப உங்கட. இந்தச் சம்மதக் கடிதத்தில நீங்க கையெழுத்து வைக்கவேணும்."

அண்ணா என்றாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

"அவர் எழுதினது எது, நீர் எழுதினது எது? பிரிச்சுக் காட்டும்."

லப்டொப்பைத் திறந்தாள். ஒரு வரி அவருடையது, அடுத்தது அவளுடையது, அதைத் திருத்தியது மறுபடி அவர். திரை முழுக்க அப்படித்தான். வீட்டில் சாப்பாட்டு மேசையில் நாலு வார்த்தை பேசாத மனிதர் இவளுக்கு இத்தனை பதில் எழுதியிருக்கிறார்.

"அவற்ற வரிகளை எடுத்துப்போட்டு நீரே எழுதலாமே?"

"எழுதலாம். மாசக்கணக்காகும்." குரல் தாழ்ந்தது. "பிறகு அவற்ற பேர் இதில இருக்காது அக்கா. என்ட பேர் மட்டும்தான்."

அது இன்னும் மோசம்.

"இப்ப எப்பிடி இருக்கு?"

முதல் பக்கத்தைக் காட்டினாள். நிக்கலஸ், நிலுஷா. கல்யாண அழைப்பிதழில் அச்சடித்ததுபோலப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"பங்கு எனக்கெண்டா என்ட பேரும் வரவேணும்தானே?"

"ஓம், கட்டாயம். கடைசியில போடுறன்."

"கடைசியில வேண்டாம். நடுவில போடும்."

நிலுஷா என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. தட்டினாள். நிக்கலஸ், றோஸ், நிலுஷா. குனிந்து ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் பேனையைக் கையில் வாங்கினேன்.