ஓடைப் பாலத்தில் ஆடுகள்

சர்க்கரை முந்நூற்றுப் பத்து. “மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதி வேலையை உங்க கால் செய்யணும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போனால் மனசு மாறிவிடும் என்று தெரிந்து, ராஜகுமாரி ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் பிடித்தபடி நேராக ஓடைக்கரைக்கு ஆட்டோ ஏறினாள். மணி ஐந்து.

சங்கரன்கோவிலுக்குள் ஓடும் அந்த ஓடையைப் போன வருஷம் வரை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எல்லோரும் தாண்டுவார்கள். இப்போது தூர்வாரி, இரண்டு கரையிலும் கல் பதித்து, புங்கங்கன்று நட்டு, நடக்கப் பாதை போட்டிருந்தார்கள். இரண்டு முனையிலும் சின்னப் பாலம். ஒரு கரையில் போய் மறு கரையில் திரும்பினால் ஒரு சுற்று. தண்ணீரில் இரண்டு கொக்கு நின்றன. நம்ம ஊர்தானா இது என்று ராஜகுமாரி ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள்.

நூறு அடி நடந்திருப்பாள். எதிரே பூமாரி வந்தாள்.

பூமாரி அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி. பக்கத்துத் தெருதான். ஆனால் ராஜகுமாரியின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு அடித்த பத்திரிகையில் பூமாரியின் புருஷன் சங்கரசுப்பு பெயர் விட்டுப்போன நாளிலிருந்து, ஒன்றரை வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

பூமாரி கொக்கைப் பார்த்தாள். ராஜகுமாரி செல்போனைப் பார்த்தாள். கடந்துவிட்டார்கள்.

எதிரெதிராகச் சுற்றுகிறவர்கள் ஒரு சுற்றில் இரண்டு தடவை சந்தித்தே ஆகவேண்டும் என்பது மறு கரையில்தான் ராஜகுமாரிக்கு உறைத்தது. இரண்டாவது தடவை பூமாரி செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். அவள் போகிற திசையிலேயே நாமும் நடந்தால் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டு, ராஜகுமாரி பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள். பூமாரியும் அதே கணக்கைப் போட்டுத் திரும்பியிருந்தாள். இருவரும் பாலத்தின் நடுவில் நேருக்கு நேர் நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு முனையிலிருந்து நாற்பது ஆடுகள் பாலத்தில் ஏறின. மறுமுனையில் நடைபாதைக் காவலாளி கம்பை நீட்டி மறித்தார்.

“இங்கன ஆடு வரப்படாது வே. போர்டு இருக்குல்லா.”

“ஆட்டுக்குப் படிக்கத் தெரியாது அண்ணாச்சி” என்றார் பின்னால் வந்த ஆட்டுக்காரர் இசக்கித்துரை. “வழக்கமா இங்கனதான் தாண்டும்.”

நடுவில் ஆடுகள் நெருக்க, இரண்டு பெண்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கம்பியில் சாய்ந்தார்கள். ஒரு கிடா ராஜகுமாரி கையிலிருந்த சீட்டைக் கவ்வியது.

“ஏய், விடு” என்று பூமாரி அதன் காதைப் பிடித்தாள். வாயிலிருந்து பாதிச் சீட்டுதான் மீண்டது. துடைத்துக் கொடுக்கப் போனவள், அதிலிருந்த எண்ணைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“முந்நூத்திப் பத்தா? என்னக்கா இது? இவ்வளவையும் வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லல?”

“யார்ட்ட சொல்லுவேன்? நீதான் பேச மாட்டியே.”

ஆடுகள் நகர்வதாக இல்லை. ராஜகுமாரி பூமாரி பக்கம் திரும்பினாள்.

“பத்திரிகையில அச்சாபீஸ்காரன் தப்பு பண்ணிட்டான்னு சொன்னேம்லா. பொய்டி அது. அவன் சரிபாக்கத்தான் அனுப்புனான். நான் ஆபீஸ் வேலையில பாக்காமலே சரின்னுட்டேன். சங்கரசுப்பு பேரை நான்தான் விட்டது. ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு.”

“எனக்குத் தெரியும்” என்றாள் பூமாரி. “அச்சாபீஸ்ல கேட்டேன். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

“ஒன்றரை வருசமாவா?”

“பின்னே? எனக்கு மட்டும் வீம்பு கிடையாதாக்கும்?”

ராஜகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூமாரியும் சிரித்தாள். அவள் சிரிப்பு அடங்குவதற்குள் அந்தக் கிடா மிச்சச் சீட்டையும் இழுத்துத் தின்றுவிட்டது.

காவலாளி கடைசியில் கம்பை எடுத்தார். ஆடுகள் கடகடவென்று இறங்கிப் போயின. இசக்கித்துரை, “மன்னிச்சுக்கிடுங்க தாயி, முக்கியமான பேப்பரா?” என்று கேட்டார். “இல்ல, நல்லா சாப்பிடட்டும்” என்றாள் ராஜகுமாரி.

பிறகு இருவரும் சேர்ந்து நடந்தார்கள். யார் வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று விட்டுப்போன கதைகளைப் பேசி முடிக்க மூன்று சுற்றும் போதவில்லை. நாலாவது சுற்றின் பாதியில் பூமாரி போனை எடுத்தாள்.

“மாவு பிரிட்ஜ்ல இருக்கு, தோசையை நீங்களே ஊத்திக்கிடுங்க” என்று சங்கரசுப்பிடம் சொன்னாள். “எப்ப வருவேன்னு தெரியாது. நான் அக்காகூட நடந்துக்கிட்டு இருக்கேன்.”