சின்னவீட்டைக் கரையேற்றிய நாள்

"அந்தப் பக்கம் இழுடி. இன்னும் இழு. போர்வையா மடிக்கிறே? பாய்டி இது!" என்றாள் அம்மா.

மகள் கூடத்தின் வாசல் மூலையில் மண்டியிட்டு, பாயின் ஓரத்தை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். அவள் பல் மருத்துவர். எவ்வளவு பிடிவாதமான கடைவாய்ப் பல்லையும் அசைத்துவிடும் கை அது. பாய் அசையவில்லை.

மணி பத்து. பதினொன்றுக்கு அப்பாவின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடும். வந்தால் கிடத்துவதற்குக் கூடத்தை விட்டால் வேறு இடமில்லை. கூடம் முழுக்க அப்பாவுடைய படகின் பெரிய பாய் விரிந்து கிடந்தது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்து, டிவியைப் பாதி மூடி, மிச்சம் படுக்கையறைக்குள்ளும் போயிருந்தது. அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, வெள்ளத்தில் மாட்டியவளைப் போல உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

நேற்றுக் காலையில்தான் அப்பா அந்தப் பாயை நல்ல தண்ணீரில் அலசி, உப்பைப் போக்கி, கூடத்தில் உலர்த்தினார். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். சாயங்காலம் குனிந்து தொட்டுப் பார்த்தார். "காஞ்சிடுச்சு" என்று அறிவித்தார். அப்படியே அதன் மேல் உட்கார்ந்தார். தானாக எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். விடியற்காலையில், முடிந்துவிட்டது என்றார்கள். எடுத்த வேலையை முடிக்காமல் அவர் எங்கேயும் கிளம்பியதில்லை என்பதை ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தப் படகு வருஷத்தில் பதினொரு நாள் கடலுக்குப் போகும். மீதி முந்நூற்று ஐம்பத்து நான்கு நாளும் அந்தப் பதினொரு நாளுக்காகப் பழுது பார்க்கப்படும். லீப் வருஷத்தில் பழுது பார்க்க ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும். அப்பாவின் முகம் அந்த வருஷமெல்லாம் மலர்ந்திருக்கும். அம்மா படகை 'சின்னவீடு' என்றுதான் சொல்வாள். "எங்க உங்கப்பா?" என்று யாராவது போனில் கேட்டால், "சின்னவீட்டுக்குப் போயிருக்காரு, எண்ணெய் மாத்த" என்று மகள் எட்டு வயதிலேயே பதில் சொல்லி, பள்ளிக்கூடத்தில் விசாரணை வரைக்கும் போயிருக்கிறது.

அம்மா பாயை ஒரு முழ அகலத்துக்கு முன்னும் பின்னுமாக மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் முழங்காலால் அழுத்தினாள். விசிறி மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கு விழுந்தது.

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

"முப்பது வருஷமா இன்னொரு முனையை யாரு பிடிச்சான்னு நினைச்சே? காத்தா?"

கடைசி மடிப்பைச் சுருட்டும்போது போன் அடித்தது. மகள் எடுத்தாள். படகுப் பட்டறையின் கிரேன்காரர்.

"சார் கிளம்பிட்டாரா? நாலு மணிக்குள்ள இங்க இருக்கணும். நாலரை வரைக்கும்தான் ஏத்தத் தண்ணி நிக்கும், அப்புறம் படகைக் கரையேத்த முடியாது."

மகள் விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் இரும்பு இரும்போடு மோதும் சத்தம் கேட்டது.

"நேத்துகூட பேசினாரேம்மா," என்றார் அவர். பிறகு, சொல்லக்கூடாததைச் சொல்கிற குரலில், "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்கு விட்டா அடுத்த பெரிய தண்ணி பதினாலு நாள் கழிச்சுத்தான். நாளன்னைக்கு புயல்னு சொல்றான். படகைக் கட்டியிருக்கற மிதவைச் சங்கிலி பாதி தேஞ்சு கிடக்கு. ஆள் அனுப்பலாம்னா ஒருத்தன்கூட இல்ல, ஆளாளுக்கு படகைத் தூக்கச் சொல்லி நிக்கறாங்க."

போன வருஷப் புயலில் பக்கத்துப் படகு சங்கிலியை அறுத்துக்கொண்டு பாறைக்குப் போய், விறகாகத் திரும்பி வந்தது. மகளுக்கும் அது தெரியும்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

மகள் சொன்னாள்.

"வரோம்னு சொல்லு."

அத்தை அழுகையை நிறுத்தினாள். "யாரு வரது? எங்க வரது? வீட்டுல பொணத்தை வெச்சுக்கிட்டு நீ படகைப் பார்க்கப் போவியா? ஊரு என்ன சொல்லும்?"

"அண்ணி, அவரு இனிமே எங்கேயும் போகமாட்டாரு. படகு போயிடும்."

மகள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் தன் கிளினிக்கைத் திறந்த நாளில் எல்லாரும் வந்திருந்தார்கள், அப்பாவைத் தவிர. அன்றைக்கு மூன்றரைக்குத் தண்ணீர் ஏறுகிறது, படகை இறக்கியாக வேண்டும் என்று போய்விட்டார். சாயங்காலம் முழங்கை வரை கிரீஸோடு வந்து, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து காட்டினார். அவள் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு படகில் கால் வைக்கவுமில்லை. அதை விற்றுவிடும்படி வருஷத்துக்கு இரண்டு முறை சொல்வாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"படகை யாரும்மா ஓட்டிக்கிட்டு வரது?"

அம்மா அவளைப் பார்த்தாள். "பதினஞ்சு வயசுல ஓட்டினவதானே?"

பதினொன்றுக்கு அப்பா வந்தார். சுருட்டிய பாய் சுவரோரமாக, வந்த விருந்தாளிக்கு இடம் விட்டு ஒதுங்கியதைப் போலக் கிடந்தது. அம்மா அவருடைய சட்டைக் காலரைச் சரி செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு அடித்ததும் சித்தப்பாவைத் தன் இடத்தில் உட்கார வைத்து, "வரவங்ககிட்ட அஞ்சு மணிக்கு மேல வந்துடுவோம்னு சொல்லுங்க," என்று எழுந்தாள். சித்தப்பாவுக்குக் காது கேட்காது. தலையாட்டினார்.

சாவியைக் காணோம். கொக்கியில் இல்லை, மேசை இழுப்பறையில் இல்லை, ஆஸ்பத்திரியில் பையில் போட்டுக் கொடுத்த சட்டையிலும் இல்லை. மகள் நான்காவது முறையாக இழுப்பறையைக் கொட்டும்போதுதான் அம்மா, "அங்க ஏன் தேடறே? என்ஜின் தண்ணிக் குழாய்ல தொங்கும்," என்றாள்.

ஒருமுறை அப்பா குளிர்விக்கும் தண்ணீர் வரும் குழாயைத் திறக்காமல் என்ஜினை ஓட்டிப் புகைய விட்டார். அன்றிலிருந்து, குழாயை மூடினால் சாவியை அந்தத் திருகிலேயே மாட்டிவிடுவார். சாவியை எடுக்கப் போனால் குழாயைப் பார்த்தே ஆக வேண்டும். தன்னை நம்பாமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழிகளில் இதுவும் ஒன்று.

அத்தையும் வந்தாள். "உங்களைத் தனியா விட்டா அவன் என்னைத்தான் கேப்பான்," என்றாள். எங்கிருந்து கேட்பான் என்று யாரும் விசாரிக்கவில்லை. துக்கத்துக்கென்று உடுத்திய நல்ல துணியோடு மூன்று பேரும் ஒரு சிறு தோணியில் ஏறி மிதவைக்குப் போனார்கள். தோணிக்காரர் அம்மாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். அத்தை இருபக்கமும் பலகையைப் பிடித்துக்கொண்டு, செத்தவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். அழுவதைவிட அது அவளுக்கு நன்றாக வந்தது.

சாவி திருகில்தான் தொங்கியது. மகள் குழாயைத் திறந்து, சாவியைப் போட்டுத் திருப்பினாள். என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு ஓடியது. சுக்கானைப் பிடித்ததும் அவளுடைய முழங்கை தானாக மடங்கி இடுப்போடு ஒட்டியது. அப்பா நிற்கும் விதம் அது. அவள் உடனே கையை நீட்டி வேறு மாதிரி நின்று பார்த்தாள். படகு கோணிக்கொண்டு போனது. மறுபடி முழங்கையை மடக்கினாள்.

பட்டறைக்குள் நுழையும்போது நாலாக ஐந்து நிமிஷம். இரண்டு மேடைகளுக்கு நடுவே, தண்ணீருக்குள் இரண்டு அகலப் பட்டைகள் தொட்டில் போலத் தொங்கின. படகு அவற்றின் மேல் வந்து நிற்க வேண்டும். கிரேன் பட்டைகளோடு படகைத் தூக்கிவிடும். முன்பட்டை கொஞ்சம் நகர்ந்தால் குற்றமில்லை. பின்பட்டை இடம் மாறினால் என்ஜினிலிருந்து விசிறிக்குப் போகும் தண்டில் மாட்டி, படகின் மொத்த கனத்தில் அதை ஒடித்துவிடும். இடம் தெரிவதற்காக அப்பா படகின் பக்கவாட்டில் இரண்டு சிவப்புக் கோடுகள் போட்டிருந்தார்.

"கோடு எங்கம்மா?" என்று கிரேன்காரர் மேலேயிருந்து கத்தினார்.

கோடு இல்லை. போன முறை கரையேற்றியபோது அப்பா படகுக்கு வெள்ளையடித்தார். மூன்று பூச்சு. கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். உண்மைதான். கோட்டையும் சேர்த்துக் கண்ணாடியாக்கிவிட்டார்.

"மேடம், குத்துமதிப்பா தூக்க மாட்டேன். மணி நாலு பத்து."

மகள் படகின் ஓரத்தில் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் பார்த்தாள். கலங்கல். தன் முகம்கூடத் தெரியவில்லை.

அம்மா உள்ளே இறங்கினாள். நாலு படி. சமையல் மூலையில், அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். பக்கத்தில் ஒரு சிறு ஜன்னல்.

"பின்னாடி போகச் சொல்லு," என்றாள் உள்ளேயிருந்து. மகள் பின்பட்டையைப் பின்னால் தள்ளச் சொல்லிக் கத்தினாள்.

"இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்து. முன்னாடி ஒரு சாண்... நிறுத்து!"

பட்டை ஜன்னலைச் சரிபாதியாக மறைத்து நின்றது.

"நிச்சயமாம்மா?"

"வருஷா வருஷம் நான் டீ போடற நேரம் பார்த்து வெளிச்சத்தை மறைச்சுடுவாங்க. பாதி அடுப்பு தெரியும், பாதி தெரியாது. இதுக்காகவே எத்தனை சண்டை போட்டிருக்கேன்! தூக்கச் சொல்லு."

மூன்று பேரும் மேடைக்கு ஏறினார்கள். கிரேன் முனகியது. பட்டைகள் இறுகித் தண்ணீரைப் பிழிந்தன. படகு ஒரு விரற்கடை எழும்பி, யோசித்து, பிறகு மெல்ல மேலே வந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். ஒடியும் சத்தம் எதுவும் வரவில்லை. பின்பட்டைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தது. கிரேன்காரர் குனிந்து பார்த்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். கும்பிட வந்த கையைப் பாதியில் நெற்றி வியர்வைக்குக் கொண்டு போனார்.

தரையில் கட்டைகள் மேல் படகை உட்கார வைத்து, நாலு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். அடிப்பக்கம் முழுக்கச் சிப்பிகள் பொருக்காக ஒட்டியிருந்தன.

"கிளம்பலாமா?" என்றாள் அத்தை.

"இப்பவே சுரண்டிடணும் அண்ணி. காஞ்சா கல்லாயிடும். உளியால அடிச்சாலும் போகாது."

அம்மா ஏற்கெனவே சுரண்டியோடு நின்றாள். மகள் ஒன்றை எடுத்துக்கொண்டாள். முதல் சிப்பிக்கு அடியில் அலகைச் சாய்த்து நுழைத்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பல்லில் படியும் காரைதான் இது. அளவு மட்டும் பெரிது. நோயாளி எச்சில் துப்பவில்லை, அவ்வளவுதான். அவள் பதினைந்து வருஷத் தொழிலை ஒரே ஓட்டமாகக் காட்டிக்கொண்டு போனாள். சிப்பிகள் சடசடவென்று உதிர்ந்தன.

"ஐயோ, நல்லா செய்யறாங்களே!" என்றார் கிரேன்காரர். "சார் பார்த்திருக்கணும்."

மகள் நிறுத்தவில்லை. ஒரே இடத்தையே, சிப்பி போன பிறகும், கொஞ்ச நேரம் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அத்தை பத்து நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு, "அங்க விட்டுட்டாளுங்க பாரு, கண்ணு தெரியாதவளுங்க," என்று தனக்குத்தானே சொல்லி, மூன்றாவது சுரண்டியை எடுத்தாள்.

அடியில் பூசியிருந்தது நீலம். உதிர்வதற்கென்றே பூசுகிற பெயிண்ட்; கொஞ்சம் கொஞ்சமாகத் தானும் கரைந்து, ஒட்டுகிறவற்றையும் கழற்றிவிடும். ஈரத்தில் கையை வைத்தால் கையோடு வந்துவிடும்.

"மறுபடி எப்ப இறக்கறதுன்னு போட்டுக்கட்டும்?" என்று கிரேன்காரர் பலகையும் சாக்பீஸுமாக வந்தார். "இல்ல, விக்கறதா இருந்தா..."

அம்மா பதில் சொல்லாமல் மகளைப் பார்த்தாள்.

"புயல் மாசம் முடிஞ்சதும், முதல் பெரிய தண்ணிக்கு," என்றாள் மகள். "ஞாயித்துக்கிழமையா பார்த்துப் போடுங்க. மத்த நாள் கிளினிக் இருக்கு."

"தண்ணிக்கு ஏதும்மா ஞாயித்துக்கிழமை?"

"அப்ப கிளினிக்கை மூடறேன். போடுங்க."

வீடு திரும்பும்போது ஐந்தரை. வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. சித்தப்பா வந்தவர்களிடம் என்ன சொல்லியிருந்தாரோ, எல்லாரும் மிகுந்த மரியாதையோடு வழி விட்டார்கள். அம்மா சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினாள். நீலம் போகவில்லை. ஈரக் கையோடு போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் வெகுநேரம் விடவில்லை. சிலர் அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லலாமா என்று யோசித்தாள், சொல்லவில்லை. விளக்குப் போடும் நேரத்தில் வாசல் வரை போய்ப் பார்த்தாள். படியின் கைப்பிடியில், கதவின் விளிம்பில், கேட்டின் கொண்டியில், தெருவில் எதிர்வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போன சைக்கிளின் இருக்கையில், நீலமாக விரல்கள் பதிந்திருந்தன.