டீச்சருக்குத் தைத்த ரவிக்கை

கருமத்தம்பட்டிக்குத் தையல் வகுப்பு வந்தபோது எல்லாப் பெண்களும் டீச்சரிடம் தலையை ஆட்டினார்கள். வந்து உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். டீச்சர் பத்மாவதி பீளமேட்டுக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், லேசில் சலிக்காதவள். தினமும் பஸ்ஸில் வந்து இறங்கி வீடு வீடாக ஏறி இறங்குவாள். "வயசானா என்னங்க, வந்து ஒருக்கா மிதிச்சுத்தான் பாருங்களே" என்பாள்.

அப்படி வந்தவர்களில் நாச்சியம்மாள் ஒருத்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணமான சுருக்கிலேயே தாலியறுத்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள். அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, ரவிக்கை கிடையாது. அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் அது வழக்கமாம். எந்த மகராசன் ஏற்படுத்திய வழக்கமோ, அவன் மார்கழிக் குளிரில் வெறும் தோளோடு சாணி அள்ளியிருக்க மாட்டான்.

"போய்ட்டு வரட்டும், ஊட்ல சும்மாதான இருக்கறா" என்று அண்ணன் திருமூர்த்தி அனுமதி கொடுத்தார். பால் கறப்பதும் சோறாக்குவதும் களை கொத்துவதும் அந்தச் சும்மாவில் அடக்கம்.

மிஷின் அவள் சொன்னபடி கேட்டது. காகிதத்தில் ஓட்டிப் பழகும்போதே அவள் தையல் கோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் அந்த மிஷின் முன்னால் உட்காருகிற நேரத்துக்காகவே அவள் காலையில் எழுந்தாள்.

ஒருநாள் டீச்சர், "நாளையிலிருந்து ரவிக்கைங்க. ஆளுக்கொரு துணி எடுத்துட்டு வாங்க. அவங்கவங்க அளவுக்கு வெட்டித் தைச்சு, இங்கயே போட்டுக் காட்டோணும்" என்றாள். எல்லாரும் நாச்சியம்மாளைப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து நாச்சியம்மாள் போகவில்லை. களை கொத்தும்போது கால் தானாக மிதித்தது. அழுகை வந்தது. தையல் போயிற்றே என்பதற்காக மட்டுமல்ல. தனக்கு ரவிக்கை போட்டுக்கொள்ள ஆசை இருக்கிறது என்பது அன்றுதான் அவளுக்கே தெரிந்தது. அந்த ஆசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டாள். "ஏனுங்க்கா, உங்களாட்டம் கை ஓடறவங்க ஆருமில்லீங்க. துணி வாங்கச் சங்கடம்னா நான் தாரேன்."

நாச்சியம்மாள் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் மனைவி கருப்பாத்தாள்தான் உள்ளேயிருந்து பட்டென்று சொன்னாள்: "தாலியறுத்தவளுக்கு ரவிக்கை எதுக்குங்க டீச்சர்?"

பத்மாவதிக்கு முகம் தொங்கிப்போயிற்று. பிறகு, "அப்ப எனக்குத் தைச்சுக் குடுக்கட்டுங்க, என்னோட அளவுக்கு" என்றாள். அதைக் கருப்பாத்தாளால் தடுக்க முடியவில்லை; மறுநாள் நாச்சியம்மாள் மறுபடி வகுப்புக்குப் போனாள்.

டீச்சர் கிளிப்பச்சைத் துணி கொண்டுவந்தாள். நாச்சியம்மாள் டேப் பிடித்து அளவெடுத்தாள். பத்மாவதி ஒல்லி, சின்னப் பெண்ணின் உடம்பு. அளவு மனசில் நன்றாகவே பதிந்திருந்தது. ஆனாலும் துணியை விரித்துச் சாக்பீஸைப் பிடித்தபோது கோடு அந்த அளவில் நிற்கவில்லை. தள்ளிப் போயிற்று, இன்னும் தள்ளிப் போயிற்று. தப்பு என்று தெரிந்தேதான் வெட்டினாள்.

தைத்து முடித்த அன்று பத்மாவதி மறைவில் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். ரவிக்கை தோளிலிருந்து தொங்கியது. "டீச்சரோட இன்னொருத்தியும் உள்ள போலாமுங்க" என்றாள் ஒருத்தி. பெண்கள் சிரித்தார்கள். நாச்சியம்மாள் தலையைத் தூக்கவில்லை.

பத்மாவதி தொளதொளவென்றிருந்த ரவிக்கைக் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு முந்தானைக்கு வெளியே தெரிந்த நாச்சியம்மாளின் திரண்ட கையைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"தையல் சுத்தமா இருக்குது. அளவை நான் பாத்துக்கறேன். நீங்கெல்லாம் பொறப்படுங்க" என்றாள்.

எல்லாரும் போனதும் ரவிக்கையை மாற்றி, மடித்து, நாச்சியம்மாள் கையில் கொடுத்தாள். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

நாச்சியம்மாள் போட்டுக்கொண்டாள். கச்சிதமாக இருந்தது. தோளைத் தொட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, கூடவே தேம்பலும் வந்தது. இதைப் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போக முடியாது. அது அவளுக்கும் தெரியும், வெளியே உட்கார்ந்திருப்பவளுக்கும் தெரியும்.

அவிநாசி ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது.

"உங்க பஸ்ஸு வந்துருச்சுங்க டீச்சர்" என்றாள் நாச்சியம்மாள் கதவுக்கு உள்ளிருந்து. "இதா, கழட்டிப்போட்டு வாரனுங்க."

"பஸ்ஸு போகட்டுங்க்கா" என்றாள் பத்மாவதி. "நீங்க போட்டுட்டே இருங்க."