பாப்பாவின் டவுட்டு

"ஐ டவுட்" என்று என் நாத்தனார் மேனேஜரிடம் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். யாரோ வந்து வத்தி வைத்த சங்கதி இல்லை. மேனேஜர் அறைக்கும் நான் துணி பிரிக்கும் மேசைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு, அதுவும் கூரையைத் தொடாது. உள்ளே அவர் டீ உறிஞ்சினால்கூட எனக்குக் கேட்கும்.

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு சலவைக் கூடத்தில். ஓட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரித் திரை, பல் டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டு என்று மூட்டை மூட்டையாக வரும். மூட்டையை அவிழ்த்து, துணியிலிருக்கும் ஒவ்வொரு பைக்குள்ளும் கையை விட்டுப் பார்த்து, இருப்பதை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, துணியைத் தள்ளுவண்டிக்குள் எறிவது என் வேலை. வண்டியிலிருந்து அள்ளி மெஷினில் திணித்து பட்டனை அமுக்குவது பாப்பாவின் வேலை. பாப்பா என்றால் என் நாத்தனார்தான். காதோரமெல்லாம் நரைத்துவிட்டது, இன்னும் என் வீட்டுக்காரருக்கு அவள் பாப்பா, அதனால் தெருவுக்கே பாப்பா. புருஷன் அவளை விட்டுப் போனதிலிருந்து எங்களோடு இருக்கிறாள். பின்னறையை ஒழித்துக் கொடுத்தது நான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான். சொல்லிக் காட்டாதே என்பார் என் வீட்டுக்காரர். செய்ததைத்தானே சொல்லிக் காட்ட முடியும், செய்யாததையா சொல்வார்கள்?

அன்று காலை பாப்பா மெஷினைத் திறந்தாள், திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளைக் கோட்டு ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. அத்தனையும் நீலம், அதுவும் திட்டுத் திட்டாக. அடியில் ஒரு பேனா கிடந்தது, மூடி தனியாக, குழல் தனியாக. எவரோ ஒரு டாக்டர் பையில் செருகி மறந்த பேனா.

நான் பையைப் பார்க்காமல் விட்டிருந்தால் தப்பு என் மேல். நான் எடுத்துத் தட்டில் போட்ட பேனா உருண்டு வண்டிக்குள் விழுந்து, அதைப் பாராமல் திணித்திருந்தால் தப்பு பாப்பா மேல். வேறு யாரும் அந்தத் துணியைத் தொடவில்லை. டாக்டர்கள் போனில் கத்தினார்கள். இரண்டு பேரில் ஒருத்தி வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மதியத்துக்குள் கூடம் முழுக்கப் பேச்சு.

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. கோபம் வந்தால் மூக்கால் சீறுவார், அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் குக்கர். குக்கர் முதலில் என்னைக் கூப்பிட்டார். "ஐ செக். ஆல் பாக்கெட் செக்" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்து பாப்பா உள்ளே போனாள். நான் கையில் ஒரு தலையணை உறையை வைத்துக்கொண்டு தடுப்பருகே நின்றேன்.

"யூ திங்க் ஷீ மிஸ்டு இட்?" என்று கேட்டார் அவர். உன் அண்ணி பார்க்காமல் விட்டிருப்பாள் என்று நினைக்கிறாயா என்று அர்த்தம். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் வரும்.

அப்புறம் பாப்பாவின் குரல்: "ஐ டவுட்." ஒரு மூச்சு விட்டு, "பட்..." என்றாள். அதற்குள் நாற்காலி நகர்ந்தது. "ஓகே, ஓகே, தேங்க் யூ" என்று அவர் எழுந்துவிட்டார். பட்டுக்கு அப்புறம் எதுவும் வரவில்லை.

என் தட்டில் சாப்பிட்டு, என் பின்னறையில் படுத்து எழுந்து, என் மேல் சந்தேகம் என்று அந்நிய மனுஷனிடம் சொல்லிவிட்டாளே. வேலை போயிற்று என்று முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். குக்கர் வெளியே வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "யுவர் சிஸ்டர் இன் லா, குட் உமன்" என்றார். இனிமேல் இரண்டு பேரும் பையைப் பார்க்கணும் என்று கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார். யாரையும் அனுப்பவில்லை.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்னைச் சந்தேகப்படுகிறவள் எப்படி குட் உமன் ஆனாள்? சந்தேகம் என்று அவள் சொன்ன பிறகு என்னை எதற்காக விட்டு வைத்தார்?

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "உங்க தங்கச்சிக்கு என் மேல சந்தேகமாம்."

"யாரு, பாப்பாவுக்கா? அவ கடைக்காரன் மிச்சம் குறைச்சுக் குடுத்தாலே கேக்க மாட்டா."

"என்னைக் கேக்கறதுக்கு மட்டும் வாய் வந்திருக்கு. டவுட்னு சொன்னா. காதால கேட்டேன்."

அவர் போனை எடுத்து அகராதியைப் பார்த்தார். டவுட் என்றால் சந்தேகம் என்று போட்டிருந்தது. எனக்குத் தலை நிமிர்ந்தது. அவர் விடாமல் சஸ்பெக்ட் என்று போட்டுப் பார்த்தார். அதற்கும் சந்தேகம் என்றுதான் வந்தது. "ரெண்டும் ஒண்ணுதான், விடு" என்று போனை வைத்துவிட்டு டிவி பக்கம் திரும்பினார். ரெண்டும் ஒண்ணு என்றால் வெள்ளைக்காரன் எதற்கு மெனக்கெட்டு ரெண்டு வார்த்தை வைத்திருக்கிறான் என்று கேட்டேன். அவனைத்தான் கேட்கணும் என்றார்.

அன்றிலிருந்து நான் பாப்பாவோடு பேசவில்லை. டீயைப் போட்டு மேடையில் வைப்பேன், குடி என்று சொல்ல மாட்டேன். நேரே கேட்டிருக்கலாமே என்றால், கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கு வலித்தது அவளுக்குத் தெரிந்துவிடும். அவளும் இரண்டு முறை "அண்ணி" என்று ஆரம்பித்தாள். நான் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டேன்.

புதன்கிழமை ராத்திரி, மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே பாப்பா சொன்னாள். "அண்ணா, வேலைக்குப் பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை போயிடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன். போகட்டும், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்த பிறகு சோறு இறங்கவில்லை. குக்கர் சிரித்த சிரிப்பு மட்டும் நடுவில் வந்து நின்றது. அவள் காட்டிக் கொடுத்திருந்தால் போகட்டும். காட்டிக் கொடுக்காமல் இருந்திருந்தால்? பாவத்தை யார் சுமப்பது? ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தாக வேண்டும்.

மேல் வீட்டில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிற அக்கா இருக்கிறாள். அவளிடம் போனேன். யார், என்ன என்று சொல்லாமல், "அக்கா, டவுட்டுக்கும் சஸ்பெக்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட எதிரெதிர்" என்றாள் அவள்.

"ரெண்டும் சந்தேகம்னு போட்டிருக்கே?"

"சந்தேகம்தான். எந்தப் பக்கம் சாயுதுங்கறதுதான் விஷயம். மழை வரும்னு சஸ்பெக்ட் பண்றேன்னு சொன்னா, வரும்னு தோணுது, குடைய எடுத்துக்கோ. மழை வரும்னு டவுட் பண்றேன்னு சொன்னா, எங்க வரப்போகுது, குடை வேண்டாம்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். "அப்ப ஒருத்தி தப்பு செஞ்சான்னு டவுட் பண்றேன்னு சொன்னா?"

"செஞ்சிருக்க மாட்டான்னு அர்த்தம். அவளுக்குப் பரிஞ்சு பேசறதும்மா அது."

என் நெஞ்சில் ஒரு கல் இறங்கியது. உடனே இன்னொரு கல் ஏறியது. "நம்ம ஆளுங்க எனக்கொரு டவுட்டுன்னு கை தூக்கறாங்களே, அது?"

"அது கேள்வி. வெறும் கேள்வி."

"சாயறது ரெண்டு, சாயாதது ஒண்ணா?"

அவள் சிரித்துவிட்டாள். "இங்கிலீஷ்காரங்க சொன்னா நான் சொன்ன அர்த்தம். நம்ம ஆளுங்க சொன்னா எந்த டவுட்டுன்னு சொன்னவங்களைத்தான் கேக்கணும்."

நன்றாக விளங்கியது போங்கள். குக்கர் இங்கிலீஷ்காரன் மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டு, அண்ணியை விட்டுக் கொடுக்காதவள் என்று பாப்பாவை மெச்சிவிட்டார். பாப்பாவுக்கு டியூஷன் அக்காவின் இங்கிலீஷ் தெரியுமானால் அவள் என்னைக் காப்பாற்றினாள். என் இங்கிலீஷ்தான் தெரியுமானால் அவள் என்னைக் கவிழ்த்தாள், கவிழ்த்தது தப்பிப் போய்க் காப்பாற்றிவிட்டது. ஒரு மனுஷியின் குணம் அவள் பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரிடம் படித்தாள் என்பதிலா இருக்கும்?

அப்புறம் நான் பாப்பா டவுட் என்று எப்போது சொல்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். வெள்ளிக்கிழமை காலை அண்ணனிடம், "பால் இருக்கான்னு டவுட்டா இருக்கு" என்றாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். பால் இருந்தது, ஆனால் ஒரு டம்ளர்கூடத் தேறாது. இருக்கு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இது சாட்சிக்கு ஆகாது என்று தள்ளிவிட்டேன். சனிக்கிழமை சமையலறையிலிருந்து, "கேஸ் தீந்துடும்னு டவுட்" என்று அவள் குரல் கேட்டது. நான் அடுப்பருகே போய் நின்றேன். டியூஷன் அக்கா கணக்குப்படி கேஸ் தீரக் கூடாது. முட்டை பாதி வேகும்போது அடுப்பு அணைந்தது.

அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படியானால் அவள் என்னைச் சந்தேகப்பட்டுத்தான் இருக்கிறாள். தெரிந்துவிட்டது. தெரிந்தும் மனசு ஆறவில்லை. அந்த "பட்" மிச்சம் இருந்தது. சந்தேகம் என்று சொன்னவள் எதற்கு "ஆனா" என்று இழுத்தாள்? இன்னும் குற்றம் சொல்ல வந்தவள் "ஆனா" என்றா ஆரம்பிப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை காலை பாப்பா பின்னறையில் பையைக் கட்டி முடித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் வண்டி பேசி வாசலில் நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் செருப்பைப் போட்டார். நான் பின்னறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"குக்கர்கிட்ட டவுட்னு சொன்னியே. எந்த டவுட்டு?"

அவள் திடுக்கிட்டாள். "கேட்டுச்சா அண்ணி?"

"பலகைக்கு அந்தப் பக்கம் நான்தான் நின்னேன். தமிழ்ல சொல்லு. நான் செஞ்சிருப்பேன்னு தோணுச்சா, செஞ்சிருக்க மாட்டேன்னு தோணுச்சா?"

பாப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அது எனக்கும் தெரியும், அதனால்தான் அவள் வாயைத் திறப்பதற்குள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"செஞ்சிருப்பீங்கன்னுதான் தோணுச்சு" என்றாள். "அன்னைக்கு நீங்க அண்ணாவோட சண்டை போட்டுட்டு வந்தீங்க. கை அது பாட்டுக்கு வேலை செஞ்சுது, கண்ணு எங்கயோ இருந்துச்சு. நான் பாத்துட்டே இருந்தேன். அவர் கேக்கறப்ப இல்லைன்னு சொல்ல வாய் வரல."

"சரி" என்றேன். ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. "பட்டுன்னியே. அதுக்கு அப்புறம் என்ன?"

"எந்தப் பட்டு?"

"ஐ டவுட், பட். அதுக்கப்புறம் அவர் எழுந்துட்டார். என்ன சொல்ல வந்த?"

பாப்பா பையின் வாரைப் பிடித்துத் திருகினாள். "பட், ஐ கோ. அவ்வளவுதான். எனக்கு அதுக்கு மேல இங்கிலீஷ் வராதே. அண்ணிய விட்டுடுங்க, நான் வேலைய விட்டுப் போயிடறேன்னு சொல்ல வந்தேன். அவர் கேக்கல." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அன்னைக்குப் போகல. உங்களைச் சந்தேகப்பட்டுட்டு உங்க சோத்த எப்படித் திங்கறது? அதான் இன்னைக்கு வீட்ட விட்டுப் போறேன்."

நான் வாசலை விட்டு நகரவில்லை. சந்தேகப்பட்டவளும் இவள்தான், எனக்குப் பதிலாகப் போகிறேன் என்றவளும் இவள்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வந்திருக்கிறாள். இதற்கு அந்த வெள்ளைக்காரன் எந்த வார்த்தையை வைத்திருக்கிறான்?

"அண்ணி, நானும் ஒண்ணு கேக்கறேன்" என்றாள் பாப்பா. "அந்தக் கோட்டுப் பைய நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குக்கரிடம் அப்படித்தானே அடித்துச் சொன்னேன். மேசை கண்முன் வந்தது. வெள்ளைக் கோட்டு, அதன் மேல் இன்னொரு வெள்ளைக் கோட்டு. என் கை பைக்குள் போவதும் வருவதும் தெரிந்தது. அது அன்றைக்குப் போன கையா, தினமும் போகிற கையா என்று தெரியவில்லை. பார்த்த மாதிரியும் இருந்தது. பார்க்காத மாதிரியும் இருந்தது.

"டவுட்டு" என்றேன்.

"எந்த டவுட்டு?" என்று வாசலிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார். பாப்பா பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.